மூன்று மாதத்தில் முடிப்பேன் என்று தொடங்கிய சிஎன்சி இயந்திரம்

என் பட்டறை அறையின் மூலையில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. எரிந்துபோன ஒரு ஸ்பிண்டில் (கட்டரைப் பிடித்துச் சுழற்றும் மோட்டார்), உயிர்விட்ட இரண்டு மோட்டார் டிரைவர்கள் (மோட்டாரை இயக்கும் மின்னணுச் சாதனங்கள்), கீறல் விழுந்த உருளைத் தண்டுகள், மணிகள் தொலைந்த ஒரு பால் ஸ்குரூ (எஃகு மணிகள்மேல் உருளும் திருகு) நட்டு, நுனி முறிந்த 11 கட்டர்கள் எல்லாம் அதற்குள் கிடக்கின்றன. பெட்டிக்கு அருகே நான் கட்டிய சிஎன்சி மில்லிங் இயந்திரம், அதாவது கணினி சொல்லும் பாதையில் கட்டரை நகர்த்தி உலோகத்தை வெட்டும் இயந்திரம், நிற்கிறது. அது ஓடுகிறது, அலுமினியம் வெட்டுகிறது. ஆனால் மூன்று மாதத்தில் முடிப்பேன் என்று தொடங்கிய வேலைக்கு 14 மாதங்கள் ஆயின. முதலில் தாளில் போட்ட கணக்கைப் போல இரண்டரை மடங்கு பணம் போயிற்று. இதைத் தொடங்குவதற்கு முன் யாராவது என்னை உட்காரவைத்து நான்கு விஷயம் சொல்லியிருந்தால் அந்தப் பெட்டி பாதியாவது காலியாக இருந்திருக்கும்.

எனக்குத் தேவைப்பட்டவை துளைகளும் பள்ளங்களும் கொண்ட சிறிய அலுமினியத் தகடுகள்தான். வெளியே கொடுத்தால் ஒன்றிரண்டு தகடுகளுக்காக யாரும் இயந்திரத்தைத் தயார்படுத்த மாட்டார்கள். தயார் நிலையில் விற்கும் சிறிய இயந்திரத்தின் விலையைக் கேட்டதும் ‘நாமே கட்டினால் பாதிதானே ஆகும்’ என்று தோன்றிவிட்டது. அந்தத் ‘தானே’வை நம்பி மோசம் போனேன். கடைசியில் நான் செலவழித்த தொகைக்கு அதே தயார் இயந்திரத்தை வாங்கி, கூடவே ஒரு வருடத்துக்கான கட்டர்களையும் வாங்கியிருக்கலாம். ஆகவே உங்களுக்கு வேண்டியது வெட்டிய தகடு என்றால் இயந்திரத்தை வாங்கிவிடுங்கள். இயந்திரம் எப்படித்தான் இயங்குகிறது என்று தெரியாமல் தூக்கம் வராத வகை மனிதர் என்றால் மேலே படியுங்கள். நான் அந்த வகை. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

முதல் தவறு நான் பொருட்களை வாங்கிய வரிசையிலேயே நடந்துவிட்டது. அடியடியாகச் சுற்றும் மூன்று ஸ்டெப்பர் மோட்டார்கள், டிரைவர்கள், சிறு கட்டுப்பாட்டுக் கணினியான ஆர்டுயினோ பலகை, மின்வழங்கி ஆகியவற்றைத்தான் முதலில் வாங்கினேன். அவை சின்னச் சின்னப் பெட்டிகளில் வந்து சேரும், மேசைமேல் வைத்து இணைத்தால் அன்று மாலையே சுற்றும். மோட்டார் முதன்முதலில் சுற்றிய இரவு பாதி வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். உண்மையில் வேலை தொடங்கவே இல்லை. கட்டர் உலோகத்தைத் தள்ளும்போது உலோகமும் அதே விசையோடு கட்டரைத் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் ஸ்பிண்டில் வழியே ஏறி, அதைத் தாங்கும் தகடு, குறுக்குப்பாலம், பக்கத் தூண்கள், அடிச்சட்டம் என்று சுற்றிக்கொண்டு வந்து மறுபடியும் நீங்கள் வெட்டும் துண்டில்தான் முடிகிறது. அந்த வளையத்தில் எது மிகவும் நொய்ந்ததோ அதுதான் இயந்திரத்தின் தரம். மோட்டாருக்கும் டிரைவருக்கும் அதில் கிட்டத்தட்டப் பங்கே இல்லை. நகரும் பாகங்களுக்குப் பணத்தை வாரி இறைத்தேன், நகராத பாகங்களில் கஞ்சத்தனம் காட்டினேன். இந்த ஒன்றுதான் என் 14 மாதங்களையும் தின்றது.

முதல் சட்டத்தை 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் செய்தேன். அறுப்பது எளிது, துளையிடுவது எளிது, மலிவு. அதன்மேல் 16 மி.மீ. உருளைத் தண்டுகள், 600 மி.மீ. நீளம், இரு முனைகளிலும் மட்டும் பிடிமானம். கையால் தள்ளினால் பேரிங்குகள் வெண்ணெய்போல் வழுக்கின. அந்த வழுக்கலைப் பார்த்து மயங்கிப்போனேன். எனக்குப் பழக்கமான, ஓய்வுபெற்ற லேத் தொழிலாளர் ஒருவர் ஒரு நாள் பார்க்க வந்தார். மின்னணுப் பெட்டி பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஸ்பிண்டில் இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். அது கண்ணுக்குத் தெரியும்படி அசைந்தது. “தம்பி, இது வெட்டாது. வேண்டுமானால் பேனாவைக் கட்டிவிடு, எழுதும்” என்றார். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் போன பிறகு, செய்ய வேண்டிய கணக்கை நான்கு மாதம் தாமதமாக உட்கார்ந்து செய்தேன். 600 மி.மீ. நீளமுள்ள 16 மி.மீ. எஃகுத் தண்டின் நடுவில் 10 கிலோ எடையை ஏற்றினால் அது ஏறத்தாழ 0.7 மி.மீ. தொய்யும். இரண்டு தண்டுகள் பகிர்ந்துகொண்டால் 0.35. அதுவும் முனைகள் அசையாமல் இருந்தால்தான், என் முனைகளோ எம்டிஎஃப் பலகையில் இருந்தன. ஒரு தகட்டில் 0.1 மி.மீ. துல்லியம் எதிர்பார்த்த ஆள் நான். தண்டின் விட்டத்தை 16இலிருந்து 20 ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காகும், நீளத்தைப் பாதியாக்கினால் எட்டு மடங்காகும். அதனால்தான் வேலைப்பரப்பைப் பெரிதாக வைக்க ஆசைப்படாதீர்கள் என்கிறேன். நான் 600 மி.மீ. என்று வைத்ததற்கு ஒரே காரணம் அது பார்க்க நன்றாக இருந்தது. இன்றுவரை 250 மி.மீ.க்கு மேல் எதையும் வெட்டியதில்லை. எம்டிஎஃப் தன் பங்குக்கு, காற்றில் ஈரம் ஏறிய வாரங்களில் உப்பி, தண்டுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கையால் வழுக்கிய அதே பேரிங் மோட்டாரை நிறுத்தும் அளவுக்கு இறுகியது.

அந்த வாரம்தான் நுண்ணிய அசைவையும் அளந்து காட்டும் டயல் கேஜ் வாங்கினேன். ஒரு கோடு 0.01 மி.மீ. காட்டும் சாதாரண வகை, காந்த அடிக்கட்டையோடு. மொத்தச் செலவில் மிகச் சிறிய தொகை அதற்குத்தான் போயிற்று, மிக அதிகமாகச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். அதன் முள்ளை ஸ்பிண்டில் மேல் வைத்துக் கையால் சுமார் 10 கிலோ விசையில் தள்ளிப் பார்த்தேன். 0.9 மி.மீ. காட்டியது. அன்றிலிருந்து எதை மாற்றினாலும் இதே சோதனையைச் செய்து சுவரில் எழுதிவைக்கத் தொடங்கினேன். மோட்டார் வாங்குவதற்கு முன்பே டயல் கேஜ் வாங்குங்கள். அது இல்லாமல் சட்டம் கட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு மட்டம் பார்ப்பது போலத்தான்.

இரண்டாவது சட்டம் எஃகு. 50 மி.மீ. சதுரக் குழாய்களை வெட்டி நானே வெல்டிங் செய்தேன். எடை கூடியது, தட்டினால் மணி அடித்தது, பெருமையாக இருந்தது. வெல்டிங் ஆறும்போது உலோகம் சுருங்கி இழுக்கும் என்பது பொதுவாகத் தெரியும். எவ்வளவு இழுக்கும் என்பது தெரியாது. 700 மி.மீ. நீளக் குழாயின் நடுப்பகுதி 1.2 மி.மீ. தாழ்ந்துவிட்டது. அதைக் கவனிக்காமல் சதுரவகை லீனியர் ரெயில்களை அதன்மேல் போல்ட் போட்டு முறுக்கினேன். ரெயில் எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டிருந்தாலும் சட்டத்தோடு வளைந்துதான் போகும். ரெயில்மேல் ஓடும் வண்டி இரு முனைகளில் ஓடியது, நடுவில் சிக்கியது. விலை உயர்ந்த ரெயிலை வாங்கி வளைந்த சட்டத்தில் பூட்டினால், விலை உயர்ந்த வளைவுதான் கிடைக்கும்.

இதற்கு நேரான தீர்வு, சட்டத்தைப் பெரிய இயந்திரத்தில் ஏற்றி ரெயில் அமரும் பரப்புகளைச் சீவுவது. அதற்குக் கேட்ட கூலி என்னைப் பின்வாங்க வைத்தது. எபாக்ஸி ஊற்றி மட்டப்படுத்தும் முறைக்குப் போனேன். இரு ரெயில் பரப்புகளையும் சுற்றிச் சின்ன வரப்பு கட்டி, இரண்டையும் ஒரு வாய்க்கால்போல் இணைத்து, தண்ணீர்போல் இளகிய, மெதுவாக இறுகும் எபாக்ஸியை ஊற்றினால் அது தானாகவே ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும். கேட்க எவ்வளவு எளிது பாருங்கள். முதல்முறை கையில் இருந்த, வேகமாக இறுகும் பசை எபாக்ஸியைக் கனமாக ஊற்றினேன். அது சூடேறி, குமிழி விட்டு, மட்டமாவதற்கு முன்பே இறுகிவிட்டது. உளியால் செதுக்கி எடுக்க இரண்டு வாரங்கள். இரண்டாம் முறை சரியான பொருளை வாங்கி, நான்கு நாட்கள் அந்த அறைக்குள் யாரையும் நடக்கவிடாமல் காத்தேன். எபாக்ஸி வரப்போரங்களில் மேலேறி ஒட்டிக்கொள்ளும் என்பதால் ரெயிலின் அகலத்தைவிட இருபுறமும் தாராளமாக இடம் விட்டு ஊற்ற வேண்டும். இதையும் முதல்முறைத் தோல்விதான் சொல்லிக்கொடுத்தது. இறுகியதும் அளந்தேன்: 700 மி.மீ. நீளத்தில் ஏற்ற இறக்கம் 0.04. அன்று நான் சிரித்ததைப் பார்த்து என் மனைவி, “ஏதாவது வெட்டிவிட்டதா?” என்று கேட்டாள். “இல்லை, மட்டமாக இருக்கிறது” என்றேன். எட்டு மாதங்களுக்குப் பிறகு ஒருவன் சொல்லும் பதிலா அது என்பதுபோல் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

குறுக்குப்பாலத்தை 40க்கு 80 அலுமினிய புரொஃபைலில் செய்திருந்தேன். அதையும் படுக்கைவாட்டில் வைத்து, மேல்கீழாக மெலிந்த பக்கம் வரும்படி பூட்டிவிட்டேன். தள்ளும் சோதனையில் 0.25 காட்டியது. எஃகு அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது. கனத்த செவ்வக எஃகுக் குழாயால் பாலத்தை மாற்றி, பக்கத் தூண்களைக் குட்டையாக்கி, ஸ்பிண்டில் கீழே தொங்கும் தூரத்தையும் குறைத்தபின் 0.06 வந்தது. இந்தக் கடைசி இரண்டும் காசில்லாமல் கிடைத்த விறைப்பு. ஸ்பிண்டிலுக்கு அடியில் 150 மி.மீ. உயரம் விட்டிருந்தேன், எந்த மலையை வெட்டப்போகிறேன் என்று தெரியவில்லை. இப்போது 70தான்.

மோட்டாரின் சுழற்சியை நேர்நகர்வாக மாற்றும் திருகுகளிலும் இதேபோல் இருமுறை பணம் கட்டினேன். முதலில் வீட்டில் கிடந்த 10 மி.மீ. மரைக்கம்பியும் சாதாரண நட்டும். திசை மாற்றும்போதெல்லாம் 0.3 மி.மீ. பேக்லாஷ் (நட்டின் வெற்று ஆட்டம்), வேகம் கூட்டினால் கம்பி சாட்டைபோல் துடித்தது. பிறகு 16 மி.மீ. விட்டமும் ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வும் கொண்ட பால் ஸ்குரூ வாங்கினேன். வாங்கிய அன்றே, நட்டைத் திருப்பிப் பொருத்தலாம் என்று திருகின் முனைவரை சுழற்றி வெளியே எடுத்தேன். உள்ளே இருந்த எஃகு மணிகள் எல்லாம் தரையில் சிதறி, அறையின் நான்கு மூலைகளுக்கும் ஓடின. காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரவு 11 மணிக்கு அலமாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். சில மணிகள் கிடைக்கவே இல்லை. அந்த நட்டுதான் பெட்டியில் இருக்கிறது. நட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், மரையின் அடிவிட்டத்தைவிடச் சற்றே மெலிந்த ஒரு குழாயைத் திருகின் முனையில் ஒட்டிப்பிடித்து, நட்டை அதன்மேல் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். மணிகள் உள்ளேயே இருக்கும்.

பொருத்தும்போது இன்னொன்று. நட்டின் பிடிப்பானை முதலிலேயே முறுக்கிவிடாதீர்கள். வண்டியை ஒரு முனைக்கு, பேரிங் கட்டைக்கு மிக அருகே கொண்டுபோய், அந்த இடத்தில் திருகு எங்கே இருக்க விரும்புகிறதோ அங்கே விட்டு முறுக்குங்கள். பிறகு மறுமுனைக்குக் கொண்டுபோய் அந்தப் பக்கத்துப் பேரிங் கட்டையை முறுக்குங்கள். பால் ஸ்குரூ மரைக்கம்பியைப் போலத் தானாகப் பூட்டிக்கொள்ளாது என்பதும் எனக்குத் தெரியாது. மின்சாரத்தை அணைத்ததும் ஸ்பிண்டில் தன் எடையிலேயே இறங்கி, கீழே இருந்த தகட்டில் கட்டர் நுனியை முறித்துக்கொண்டது. இப்போது அதற்கு ஒரு வாயு ஸ்பிரிங் தாங்கல் கொடுத்திருக்கிறேன். பிரேக் உள்ள மோட்டாரும் போடலாம்.

மென்பொருளைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு மிகக் குறைவான தொல்லை கொடுத்தது அதுதான். ஆர்டுயினோவில் மோட்டார்களை நகர்த்தும் மென்பொருளான ஜிஆர்பிஎல்லை ஏற்றுவது ஒரு மாலை வேலை. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி (ஸ்டெப்) எடுத்துவைக்கும், டிரைவரில் எட்டாகப் பிரித்தால் 1600, திருகு ஒரு சுற்றுக்கு 5 மி.மீ., ஆகவே ஒரு மி.மீ.க்கு 320 துடிப்புகள். இந்தக் கணக்குப் புரிந்தால் போதும்.

மோட்டார் விஷயத்தில் முறுக்குவிசை எண்ணைப் பார்த்துப் பெரியதாக வாங்கிவிட்டு 24 வோல்ட் மின்வழங்கியோடு இணைத்தேன். மெதுவாகப் போகும்போது மலையை நகர்த்தும், வேகம் கூடினால் உறுமிக்கொண்டு நின்றுவிடும். ஸ்டெப்பர் மோட்டாரின் முறுக்குவிசை வேகம் ஏற ஏறக் குறையும். சுருளில் மின்னோட்டம் ஏற நேரம் வேண்டும், அந்த நேரத்தைக் குறைப்பது வோல்டேஜ். 36 வோல்ட்டுக்கு மாறியதும் அதே மோட்டார் வேறு மோட்டார் ஆயிற்று. இதில் பயங்கரம் என்னவென்றால், இந்த மோட்டார்கள் அடி தவறினால் இயந்திரத்துக்கு அது தெரியாது. தான் சரியான இடத்தில் இருப்பதாக நம்பிக்கொண்டே வெட்டிக்கொண்டு போகும். அந்த இரண்டு டிரைவர்களும் போனது வேறு காரணத்தால்: மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் கம்பியைப் பிடுங்கினேன். முதல் டிரைவர் போனதற்குக் காரணம் அறியாமை. இரண்டாவது, கழன்றுகொள்ளும் தன்மையுள்ள மலிவான இணைப்பி. திருகிப் பூட்டும் இணைப்பிகளையே போடுங்கள். நகரும் சங்கிலிக்குள் ஓடும் கம்பிகள் அதற்கென்றே செய்த, வளைந்து கொடுக்கும் வகையாக இருக்கட்டும். வீட்டு மின்வேலைக்கான ஒற்றைச் செம்புக்கம்பி ஆறு வாரங்களில் உறைக்குள்ளேயே முறிந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு அச்சு மட்டும் அவ்வப்போது ‘மறந்துபோகும்’.

இப்போது ஸ்பிண்டில் கதை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. 1.5 கிலோவாட், நிமிடத்துக்கு 24,000 சுற்று ஓடக்கூடிய, விஎஃப்டி (மின்சாரத்தின் அலைவெண்ணை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வழியாக இயங்கும் வகை. ஒரே பொருளுக்கு நான் கொடுத்த மிகப்பெரிய தொகை அதுதான். இந்த ஸ்பிண்டில்கள் 400 ஹெர்ட்ஸுக்காகச் செய்யப்பட்டவை. விஎஃப்டி பெட்டியோ சாதாரண மோட்டாருக்கான 50 ஹெர்ட்ஸ் அமைப்போடு வந்தது. அடிப்படை அலைவெண்ணை மாற்றாமல் ஓடவிட்டால் 50 ஹெர்ட்ஸிலேயே முழு வோல்டேஜையும் அது கொடுத்துவிடும், சுருளில் மின்னோட்டம் பாய்ந்து வெந்துபோகும். வெந்துபோயிற்று. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வார்னிஷ் கருகும் அந்த வாசனை எனக்கு இன்னும் மூக்கிலேயே நிற்கிறது. கையேடு மேசைமேல்தான் இருந்தது, ‘முதலில் சுற்றுகிறதா பார்ப்போம், பிறகு படிக்கலாம்’ என்று நினைத்தேன். அன்று இரவு யாரிடமும் பேசவில்லை. மூன்று வாரம் அந்த அறைக்குள்ளேயே போகவில்லை. எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்று பட்டியல்கூடத் தயாரித்தேன். பட்டியல் போட்டுப் பார்த்தபோது, எரிந்த பொருளையும் வளைந்த பொருளையும் யார் வாங்குவார்கள் என்ற உண்மை உறைத்தது. அதனால் தொடர்ந்தேன். மனவுறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது ஸ்பிண்டிலை வாங்கி, விஎஃப்டியின் ஒவ்வொரு எண்ணையும் ஸ்பிண்டிலின் பெயர்த்தகட்டோடு ஒப்பிட்டுப் பதிந்து, குறைந்த வேகத்தில் ஓடவிட்டேன். ஓடியது. உடம்பைத் தொட்டபோது விரலில் சுரீரென்றது. மல்டிமீட்டரை எடுத்து ஸ்பிண்டிலின் உடம்புக்கும் அதன் எர்த் முனைக்கும் இடையே பார்த்தேன், தொடர்பே இல்லை. இணைப்பியில் நான்காவது முனை இருந்தது, உள்ளே எதனோடும் அது சேர்க்கப்படவில்லை. மலிவான ஸ்பிண்டில்களில் இது நடக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இந்தச் சோதனை. தொடர்பு இல்லையென்றால் உடம்போடு ஒரு எர்த் கம்பியைத் தனியாகப் பூட்டாமல் ஓட்டாதீர்கள். இதில் பணம் போவதைப் பற்றி நான் பேசவில்லை.

ஸ்பிண்டில் ஓடத் தொடங்கியதும் புதிய பேய் ஒன்று வந்தது. வெட்டிக்கொண்டிருக்கும்போதே, அச்சு முனைக்கு வந்தால் இயந்திரத்தை நிறுத்தும் எல்லைச் சுவிட்சை எதுவும் தொடாமல் ‘எல்லை தொட்டுவிட்டது’ என்று இயந்திரம் நின்றுவிடும். சில நாள் கணினியோடு தொடர்பே அறுந்துவிடும். ஸ்பிண்டில் அணைந்திருந்தால் எந்தக் கோளாறும் இல்லை. விஎஃப்டி உமிழும் மின் இரைச்சல்தான் காரணம் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம், தீர்க்க இன்னும் இரண்டு வாரம். ஸ்பிண்டில் கம்பியையும் சுவிட்ச் கம்பிகளையும் ஒரே சங்கிலிக்குள் அழகாகச் சேர்த்துக் கட்டியிருந்தேன், அந்த அழகுதான் வினை. இரண்டையும் வேறு வேறு பாதையில் பிரித்தேன். ஸ்பிண்டிலுக்கு உலோக உறையிட்ட கேபிள் போட்டு உறையை எர்த்தோடு இணைத்தேன். சுவிட்சுகளுக்கும் உறையிட்ட கேபிள் போட்டு, உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தேன். ஒவ்வொரு சுவிட்ச் உள்ளீட்டிலும் 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்று. சுவிட்சுகளைச் சாதாரண நிலையில் மூடியிருக்கும் வகையாக மாற்றினேன். கம்பி அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும் என்பது அதிலுள்ள கூடுதல் பாதுகாப்பு. அதற்குப் பிறகு அந்தப் பேய் வரவில்லை.

அந்த வாரங்களில் ஒரு நாள் தொடர்பு அறுந்தபோது, கட்டர் நேராகப் பிடிகட்டையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. திரையிலுள்ள நிறுத்து பொத்தானைச் சொடுக்கினேன், திரை உறைந்திருந்தது. சுவரிலிருந்த பிளக்கை நோக்கி ஓடுவதற்குள் கட்டர் உடைந்து, அதன் துண்டு என் தலைக்கு அருகே சுவரில் மோதியது. மறுநாளே சிவப்புக் காளான் பொத்தான் ஒன்றை வாங்கி, அழுத்தினால் ஸ்பிண்டில், மோட்டார் இரண்டின் மின்சாரமும் கான்டாக்டர் (மின்காந்தச் சுவிட்ச்) வழியாக அறுபடும்படி இணைத்தேன். கண்ணாடி அணியாமல் இயந்திரத்துக்கு முன்னால் நிற்பதையும் அன்றோடு விட்டேன். கையுறை அணிந்து சுழலும் கட்டருக்கு அருகே போகாதீர்கள், அது துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

முதல் சோதனையாக 100 மி.மீ. சதுரம் ஒன்றைப் பலகையில் வெட்டினேன். நான்கு பக்கமும் 100. துள்ளிக் குதித்தேன். மூலைவிட்டங்களை அளந்தால் 141.8, 141.1. சரியான சதுரத்தில் இரண்டும் 141.42 இருக்க வேண்டும். பாலம் சாய்ந்திருந்ததால் சதுரம் நெளிந்திருந்தது, 100 மி.மீ.க்கு ஏறத்தாழ அரை மி.மீ. பக்கங்களை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள், மூலைவிட்டம்தான் உண்மையைச் சொல்லும். அதுவும் வேலைப்பரப்பு அனுமதிக்கும் பெரிய சதுரத்தில் அளந்தால் பிழை பெரிதாகத் தெரியும். துளைகளை ஓவலாகப் போட்டிருந்தது இங்கே என்னைக் காப்பாற்றியது. கையால் துளையிடுபவனுக்கு எந்தத் துளையும் குறித்த இடத்தில் விழாது, ஆகவே சரிசெய்யும் இடத்தை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். ஸ்பிண்டில் மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதையும் டயல் கேஜை ஸ்பிண்டிலில் பிடித்துச் சுற்றவிட்டுப் பார்த்து, மெல்லிய தகடுகளைச் செருகிச் சரிசெய்தேன். அதுவரை வெட்டிய பரப்பெல்லாம் ஏர் உழுத வயலாக இருந்தது.

அந்த 11 கட்டர்களில் பெரும்பாலானவை பயத்தால் உடைந்தவை. அலுமினியம் என்றதும், மெதுவாகப் போனால் பத்திரம் என்று நினைத்தேன். தலைகீழ். கட்டரின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமாவது கடிக்க வேண்டும். கடிக்காமல் உரசினால் சூடேறும், அலுமினியம் பல்லிடுக்கில் பிசின்போல் ஒட்டும், அடுத்த சுற்றில் கட்டர் முறியும். சுற்று வேகத்தைப் பற்களின் எண்ணிக்கையாலும் ஒரு பல் கடிக்கும் அளவாலும் பெருக்கினால் நகரும் வேகம் கிடைக்கும். 12,000 சுற்று, இரண்டு பல், 0.03 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 720 மி.மீ. நான் 100இல் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஒற்றைப் பல் கட்டர், நிமிடத்துக்கு 360 மி.மீ., ஒருமுறைக்கு 0.3 மி.மீ. ஆழம், சீவல்களை ஊதித் தள்ளக் காற்று. தூளாக வராமல் சிறு சீவலாக வந்தால் சரியாக வெட்டுகிறது என்று பொருள். அந்தச் சீவல்கள் மின்னணுப் பெட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்பது பள்ளிக்கூடப் பாடம்.

பணக் கணக்கில் நான் எழுத மறந்தவை எவை என்று பின்னால் கூட்டிப் பார்த்தேன். கேபிள், நகரும் சங்கிலி, இணைப்பிகள், போல்ட்டுகள், கப்ளிங், காலெட்டுகள், பிடிகட்டைகள், சுவிட்சுகள், விசிறி, பெட்டி, கட்டர்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை. கூட்டினால் மொத்தச் செலவில் கால்பங்கு. பட்டியலில் மோட்டாரையும் ரெயிலையும் எழுதிவிட்டு, போல்ட்டுக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று விட்டுவிடுவது எல்லோரும் செய்வதுதான் போலிருக்கிறது.

இப்போது இந்த இயந்திரம் அலுமினியத்தில் 0.05 மி.மீ.க்குள் வெட்டுகிறது. எஃகை வெட்ட முயன்றேன், கிறீச்சிட்டுக்கொண்டு மறுத்துவிட்டது. அதன் வேலை அது இல்லை. போன மாதம், எக்ஸ் அச்சின் மோட்டாரைத் தாங்கும் தகட்டை அதிலேயே வெட்டினேன். முதலில் அந்தத் தகட்டை ஹாக்ஸாவால் அறுத்து, அரத்தால் ராவி, நான்கு துளைகளையும் ஓவலாக்கி எப்படியோ உட்கார வைத்திருந்தேன். புதியதில் துளைகள் வட்டமாகவே இருந்தன, நான்கு போல்ட்டும் தட்டாமல் இறங்கின. பழைய தகட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டேன். ஒய் அச்சின் தகடுகள் இரண்டும் இன்னும் அரத்தால் ராவியவைதான்.